அவள் சொன்னதை எழுதினார்களா? – ஐரோப்பிய மருத்துவ நூல்களில் பெண்ணின் மார்பகமும் அதன் நோய்களும் (1500 – 1811)

மலர்க் குழு நண்பர் ஒருவரிடம் இந்தத் தலைப்பைச் சொன்னபோது கொஞ்சம் நெளிந்தார். “நைனார், போன தடவை மாதிரி நீலகேசி, சிந்தாமணி என்று ஏதாவது எழுதிக் கொடுங்களேன். குடும்பத்தோடு எல்லாரும் படிக்கிற மலராச்சே!” என்றார். குடும்பத்தோடு படிக்கிற மலர் என்பதால்தான் இதை எழுத வேண்டியிருக்கிறது என்றேன். அவர் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்டார். அவருக்கு என் நன்றி.

அடியேன் மருத்துவன் அல்லன்; காகித வியாபாரி. வந்தவாசிப் பக்கத்திலிருந்து கல்கத்தாவுக்குப் பிழைக்க வந்து நாற்பது ஆண்டுகளாகின்றன. கடை சாத்திய பிறகு காலேஜ் ஸ்ட்ரீட் பழைய புத்தகக் கடைகளில் நின்றபடி படித்ததுதான் நம் படிப்பு. லத்தீனும் பிரெஞ்சும் தெரியாது. ஆங்கில மொழிபெயர்ப்புகளே துணை. மருத்துவ வரலாற்றில், அதிலும் இந்த ஒரு விஷயத்தில், நான் ஏன் இத்தனை ஆண்டுகள் மூழ்கிக் கிடந்தேன் என்பதற்குச் சொந்தக் காரணம் ஒன்று உண்டு. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

எந்தப் படியால் அளப்பது?

பழைய மருத்துவ நூல்களைப் படிப்பவர்கள் பெரும்பாலும் இரண்டு விதமாகப் பேசுவார்கள். “அந்தக் காலத்தில் எத்தனை மூடத்தனம்!” என்று சிரிப்பது ஒன்று. “அவர்கள் காலத்து அறிவு அவ்வளவுதான், நாம் குறை சொல்லக் கூடாது” என்று வாயை மூடிக்கொள்வது இன்னொன்று. இரண்டிலும் எனக்குத் திருப்தியில்லை. முதலாவது அநியாயம். நுண்ணோக்கியும் மயக்கமருந்தும் இல்லாதவனை, அவை இல்லை என்பதற்காகக் குற்றம் சொல்ல முடியுமா? இரண்டாவதை ஏற்றால் விமர்சனத்துக்கே இடமில்லை.

ஆகவே எளிய படி ஒன்றை வைத்துக்கொண்டேன். நோயைப் பற்றி எழுதியவர் நோயாளி சொன்னதைக் கேட்டாரா? கேட்டதை எழுதினாரா? இதற்கு நுண்ணோக்கி வேண்டாம், காது போதும். எந்த நூற்றாண்டிலும் மனிதனுக்குக் காது உண்டு. எனவே இந்தக் கேள்வியை 1550-இல் எழுதியவரிடமும் தாராளமாகக் கேட்கலாம்.

இரத்தம் பாலான கதை

1500-ஐ ஒட்டிய ஐரோப்பாவில் மருத்துவம் என்றால் கிரேக்கர்களின் வழிவந்த மருத்துவம்தான். உடம்பு நான்கு நீர்களால் ஆனது: இரத்தம், கபம், மஞ்சள் பித்தம், கரும்பித்தம். இவை சமமாக இருந்தால் சுகம். ஒன்று மிகுந்தால் நோய். நம்ம ஊர் வாத பித்த கபக் கணக்கு தெரிந்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது.

தாய்ப்பால் எங்கிருந்து வருகிறது? கருவுற்ற பெண்ணுக்கு மாதவிலக்கு நிற்கிறது. நின்ற இரத்தம் முதலில் கருவை வளர்க்கிறது. பிரசவத்துக்குப் பிறகு மார்புக்கு ஏறி, அங்கே வெந்து, வெளுத்துப் பாலாகிறது. இதுதான் அவர்கள் கொடுத்த விடை. அப்படியானால் கருப்பையிலிருந்து மார்புக்கு ஒரு குழாய் இருக்க வேண்டுமல்லவா? 1490-களில் லியொனார்டோ டா வின்சி வரைந்த உடற்கூற்றுப் படம் ஒன்று இங்கிலாந்து அரச குடும்பத்தின் வின்ட்சர் சேகரிப்பில் இருக்கிறது. அதில் அந்தக் குழாயைச் சுத்தமாக வரைந்திருக்கிறார். அப்படியொரு குழாய் யாருடைய உடம்பிலும் கிடையாது! பறவையின் இறகையும் தண்ணீரின் சுழலையும் உற்றுப் பார்த்து வரைந்த அதே கை, இங்கே மட்டும் புத்தகத்தில் படித்ததை வரைந்துவிட்டது. கண்ணைவிடப் பழைய ஏட்டுக்கு எவ்வளவு பலம் இருந்தது என்பதற்கு இது சாட்சி.

ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். குழாய் பொய்; உறவு பொய்யில்லை. குழந்தை பால் குடிக்கும்போது தாயின் கருப்பை சுருங்குகிறது. ஆக்ஸிடோசின் என்ற சுரப்பு இரத்தத்தின் வழியே அந்த வேலையைச் செய்கிறது என்று இன்று அறிவோம். பிள்ளை பெற்றவள் எவளும் இந்தச் சுருக்கு வலியை அறிவாள். அந்த வலியைச் சொன்ன பெண்களின் பேச்சு மருத்துவச்சிகளிடம் நின்றது. குழாய் வரைந்தவர்களின் ஏட்டுக்கு வரவில்லை.

இந்தக் கொள்கை படிப்பறைக்குள்ளேயே இருந்திருந்தால் பாதகமில்லை. பிரசவமான முதல் சில நாட்களில் சுரக்கும் பால் கெட்டது, அதைக் குழந்தைக்குக் கொடுக்காதே என்றும் பலர் எழுதினார்கள். சீம்பாலைப் பீய்ச்சிக் கொட்டிய வீடுகள் நம்மிடமும் இருந்தன. ஆகவே ஐரோப்பியரைப் பார்த்து மட்டும் கை நீட்ட முடியாது. விளைவு என்ன? பால் கட்டிக்கொண்டு மார்பு கல்லாகும், காய்ச்சல் வரும், சீழ் பிடிக்கும். கட்டிய பாலை எடுக்கக் கண்ணாடிக் குழல் வைத்தார்கள்; வேறொரு பெண்ணை உறிஞ்சச் சொன்னார்கள்; நாய்க்குட்டிகளைக் கூட மார்பில் விட்டார்கள். கதையல்ல. பெண்ணுரிமைக்காக எழுதிய மேரி உல்ஸ்டன்கிராஃப்ட் 1797-இல் பிரசவக் காய்ச்சலில் படுத்தபோது, பாலை எடுக்க நாய்க்குட்டிகளை வைத்ததை அவர் கணவர் காட்வின் எழுதியிருக்கிறார். சில நாட்களில் அந்தப் பெண்மணி இறந்துபோனார்.

1748-இல் வில்லியம் கடோகன் என்ற ஆங்கில மருத்துவர், குழந்தைக்குச் சீக்கிரமே தாயின் பாலைக் கொடுங்கள் என்று சிறு நூல் எழுதினார். லண்டன் பிரசவ மருத்துவமனைகளில் அந்த வழக்கம் பரவியபோது தாய்மாரின் பால் காய்ச்சலும் குறைந்தது. ஆனால் அவர் நூலின் தோரணையைப் பாருங்கள். பெண்களின் கையில் இத்தனை காலம் விட்டுவைத்த வேலையை அறிவுள்ள ஆண்கள் எடுத்துக்கொள்ள வேண்டும் என்பதுபோலப் பேசுகிறது. சொன்ன விஷயம் சரி. சொன்ன விதத்தில் ஒரு பெண்ணின் குரலும் இல்லை.

இதற்கு முன்பே, 1671-இல், ஜேன் ஷார்ப் என்ற மருத்துவச்சி லண்டனில் ஒரு பிரசவ நூல் வெளியிட்டிருந்தார். ஆங்கிலத்தில் அத்தகைய நூலை எழுதி வெளியிட்ட முதல் பெண் அவர்தான். முப்பது ஆண்டுக்கு மேற்பட்ட அனுபவம் உள்ளவர் என்று முகப்பிலேயே போட்டுக்கொள்கிறார். மருத்துவச்சிகளைச் “சகோதரிகளே” என்று விளித்துத் தொடங்குகிறார். சந்தோஷமாகத் திறந்தேன். உள்ளே போனால் நான்கு நீர்கள், இரத்தம் பாலாவது என்று பெரும்பகுதி ஆண்களின் நூல்களிலிருந்து எடுத்தது. எனக்குக் கொஞ்சம் ஏமாற்றம்தான். பிறகு யோசித்தேன். பல்கலைக்கழக வாசலை மிதிக்க முடியாத ஒருத்தி, கற்றவர்களின் பாஷையில் பேசினால்தான் தன் புத்தகம் விலைபோகும் என்று நினைத்திருக்கலாம். சுயமாகப் படித்த வியாபாரிக்கு அந்தச் சங்கடம் புரியாதா என்ன?

நண்டும் கரும்பித்தமும்

புற்றுநோய்க்கு ஐரோப்பியர் வைத்த பெயர் நண்டு. கிரேக்கத்திலும் லத்தீனிலும் நண்டைக் குறிக்கும் சொல்தான் நோயின் பெயரும். ஜோதிடத்தில் நாம் கடக ராசி என்பதற்கும் அவர்கள் அதே சொல்லையே வழங்குகிறார்கள். மார்பில் கட்டியைச் சுற்றி நரம்புகள் புடைத்து நண்டுக்கால் போலப் பரவுவதைப் பார்த்து வந்த பெயர் என்று கேலன் காலத்திலிருந்து, அதாவது கி.பி. 2-ஆம் நூற்றாண்டிலிருந்து, சொல்லி வந்தார்கள். தமிழன் கறையான் புற்றைப் பார்த்தான். அவன் நண்டைப் பார்த்தான்.

காரணம்? கரும்பித்தம் ஓரிடத்தில் தேங்கிக் கட்டியாகிறது என்றார் கேலன். சுமார் 1500 ஆண்டுகள் அதற்கு மறுபேச்சில்லை. இந்தக் கணக்கில் கட்டி என்பது உடம்பு முழுவதும் பரவிய கேட்டின் வெளி அடையாளம் மட்டுமே. கட்டியை வெட்டினாலும் பித்தம் இருக்கும். ஆகவே பத்தியம், பேதி, இரத்தம் வடித்தல் என்று மருத்துவம் நடந்தது. கரும்பித்தம் மனச்சோர்வுக்கும் காரணம் என்பதால், துக்கப்படுகிற பெண்ணுக்கே இந்த நோய் வரும் என்ற பேச்சும் கூடவே வந்தது. நோய் வந்தவளிடமே “உன் மனசு சரியில்லை, அதான்” என்று பழியைத் திருப்பிப் போடுகிற வழக்கம் இன்றைக்கும் நம் வீடுகளில் இருக்கிறதா, இல்லையா?

செல்வமும் இதிலிருந்து காக்கவில்லை. பிரான்சின் 14-ஆம் லூயி மன்னரின் தாய் ஆஸ்திரியாவின் ஆன், மார்பகப் புற்றால் 1666 ஜனவரியில் இறந்தார். அரண்மனை வைத்தியர் தொடங்கி, லொரெய்ன் பகுதியிலிருந்து வந்து பாஷாணக் குழம்பு பூசியவர் வரை வரிசையாகப் பார்த்தார்கள். பாஷாணம் சதையை அரித்தது, நோயை அரிக்கவில்லை. அந்த அரசி என்ன பட்டார் என்பது நமக்கு யார் மூலம் தெரிகிறது? மோத்வில் என்ற அவருடைய தோழி எழுதிவைத்த நினைவுக் குறிப்பிலிருந்து. உடனிருந்த பெண்ணொருத்தி எழுதியிராவிட்டால், மருந்துகளின் பெயர் நிற்கும். பட்டவளின் பாடு நின்றிருக்காது.

ஆயுதங்களின் புத்தகம்

ஜெர்மனியில் உல்ம் நகரத்து அறுவை மருத்துவர் ஸ்குல்டெட்டஸ் எழுதிய நூல் ஒன்று, அவர் இறந்து பத்து ஆண்டுகள் கழித்து 1655-இல் அச்சேறியது. நூலின் பெயரிலேயே ஆயுதசாலை என்ற பொருள் வருகிறது. மார்பை அகற்றும் முறையைப் படிப்படியாகப் படம் போட்டுக் காட்டியிருக்கிறார்கள். கயிறு கோத்த பெரிய ஊசிகளைக் குறுக்காகச் செலுத்தி, கயிற்றால் மார்பைத் தூக்கிப் பிடித்து, கத்தியால் அறுத்து, பிறகு பழுக்கக் காய்ச்சிய இரும்பால் சுடுவது. மயக்கமருந்து கிடையாது என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்தப் பக்கத்தைப் பாருங்கள். பார்க்க மனம் வராது.

அந்தப் படங்களைக் கொடூரம் என்று மட்டும் ஒதுக்கமாட்டேன். கருவிகளை இத்தனை துல்லியமாகக் காட்டியதால் பின்னால் வந்தவர்கள் கற்றார்கள், திருத்தினார்கள். அது உண்மையான உபகாரம். ஆனால் என் படியை வைத்தால்? ஊசிக்கு அளவுண்டு, கத்திக்கு வடிவுண்டு. படத்திலிருக்கும் பெண்ணுக்குப் பேர் இல்லை, வார்த்தை இல்லை. எங்கள் தொழிலில் பேரேட்டில் பேர் எழுதாத பற்று வரவு செல்லாது. அங்கே செல்லுபடியாகிவிட்டது.

கேட்காமல் எழுதுவது சில சமயம் ஊரையே கெடுத்துவிடும். ஆம்ஸ்டர்டாம் நகரத்து டாக்டர் டுல்ப் – ரெம்பிராண்ட் ஓவியத்தில் பிணத்தை அறுத்துப் பாடம் நடத்துபவர் – மார்பில் புண்ணான புற்று ஒருவரிடமிருந்து ஒருவருக்குத் தொற்றும் என்று 1652-இல் எழுதினார். அவர் ஒருவரே அப்படி நம்பியவரும் அல்லர். இந்த எண்ணம் வேரூன்றிவிட்டது. 1740-இல் பிரான்சின் ரேம்ஸ் நகரில் கோடினோ என்ற பாதிரியாரின் தர்மத்தில் புற்றுநோயாளிகளுக்கென்றே ஒரு மருத்துவமனை உண்டாயிற்று. ஊரார் தொற்றுக்குப் பயந்து முறையிட, 1779-இல் அதை ஊருக்கு வெளியே கொண்டுபோனார்கள். வலியோடு ஒதுக்கலும் சேர்ந்தது.

இதற்கிடையில் கரும்பித்தம் மெல்ல விடைபெற்றது. 1650-களில் நிணநீர்க் குழாய்களைக் கண்டுபிடித்தார்கள். எவ்வளவு தேடியும் கரும்பித்தத்தைக் கண்ணால் கண்டவர் இல்லை. இனி கெட்டுப்போன நிணநீர்தான் காரணம் என்றார்கள். 1757-இல் பாரிஸ் அறுவை மருத்துவர் லெ ட்ரான், புற்று முதலில் ஓரிடத்தில்தான் தொடங்குகிறது, பிறகு நிணநீர் வழியே அக்குளுக்குப் போகிறது, ஆகவே முந்தி வந்தால் பிழைக்க வாய்ப்புண்டு என்று வாதிட்டார். இன்றைக்கும் பெரும்பாலும் நிற்கிற கருத்து. ஆனால் முந்தி வருவதற்குப் பெண் வாய் திறக்க வேண்டும். திறந்தால் கேட்க ஆள் வேண்டும். லெ ட்ரானின் கொள்கை காகிதத்தில் ஜெயித்தது. படுக்கையறை வாசலில் நின்றுவிட்டது.

“நீ என்ன தொழில் செய்கிறாய்?”

இந்த நூல்களுக்குள் எனக்குப் பிடித்தது எது என்று கேட்டால், இத்தாலியின் பெர்னார்டினோ ரமாசினி எழுதியதைச் சொல்வேன். தொழிலாளர் நோய்கள் பற்றிய அவர் நூல் 1700-இல் மொடேனாவில் வெளியாகி, 1713-இல் விரிவாக்கப்பட்டது. நோயாளி வீட்டுக்குப் போனால் அவசரப்படாமல் உட்கார்; பழைய ஆசிரியர்கள் கேட்கச் சொன்ன கேள்விகளோடு, “என்ன தொழில் செய்கிறாய்?” என்பதையும் கேள் என்று மருத்துவர்களுக்குச் சொன்னவர். அச்சுத் தொழிலாளி, குயவர், சாக்கடை அள்ளுபவர் எல்லாரையும் கேட்டு எழுதினார். செவிலித்தாய்மாரையும் ஒரு தொழிலாளர் வகுப்பாகக் கருதி அவர்களுக்கு ஓர் அத்தியாயம் ஒதுக்கினார். கூலிக்குப் பால் கொடுப்பவளின் உடம்பு என்னவாகிறது என்று கேட்பதே அப்போது புதுமை.

அந்த அத்தியாயத்தில்தான் மார்பகப் புற்று மற்றப் பெண்களைவிடக் கன்னியாஸ்திரீகளுக்கு அதிகம் வருகிறது, இத்தாலிய நகரங்களில் இந்தத் துன்பம் இல்லாத மடம் அரிது என்று எழுதுகிறார். எங்கள் சமயத்திலும் துறவு பூண்ட ஆர்யிகைகள் உண்டு. ஆகவே அந்தப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றுவிட்டேன். துறவுக்குத் தண்டனை என்று சொல்லப்போகிறாரோ என்ற பயம். சொல்லவில்லை. கருப்பைக்கும் மார்புக்கும் உள்ள உறவுதான் காரணம் என்று, அந்தக் காலத்துப் பாஷையில் விளக்கம் தேடுகிறார்.

அந்த விளக்கம் இன்று நிற்காது. ஆனால் கண்டது நின்றது. வெரோனா நகரின் 1760 முதல் 1839 வரையான மரணக் கணக்குகளை எடுத்து ரிகோனி ஸ்டெர்ன் 1842-இல் வெளியிட்டபோது, கன்னியாஸ்திரீகளிடம் மார்பகப் புற்று மிகுதி என்பது எண்ணாகவே தெரிந்தது. 1926-இல் இங்கிலாந்தில் ஜேனட் லேன் கிளேபன் என்ற பெண் மருத்துவர், நோய் வந்த பெண்களையும் வராத பெண்களையும் ஒரே மாதிரிக் கேள்விகள் கேட்டு ஒப்பிட்டார். எத்தனை பிள்ளை, எத்தனை மாதம் பால் கொடுத்தாய் என்று கேட்டார். 2002-இல் 30 நாடுகளின் 47 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தபோது, ஒவ்வொரு பிரசவத்துக்கும் சுமார் 7 சதவீதமும், பால் கொடுத்த ஒவ்வொரு 12 மாதத்துக்கும் சுமார் 4.3 சதவீதமும் அபாயம் குறைவது தெரிந்தது. பாவமும் இல்லை, புண்ணியமும் இல்லை, சுரப்புகளின் கணக்கு. பிள்ளை பெறாதவளுக்கு அபாயம் கொஞ்சம் கூடுதல் என்பதை அவளைக் குத்திக்காட்ட யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். நாலு பிள்ளை பெற்றுப் பால் கொடுத்தவளுக்கும் இந்த நோய் வரும்.

விளக்கம் தப்பாகியும் ரமாசினியின் பக்கம் ஏன் 300 ஆண்டுகள் உயிரோடிருக்கிறது? போய்ப் பார்த்ததை, கேட்டதை, தன் கொள்கைக்காகத் திருத்தாமல் எழுதினார். அவ்வளவுதான்.

ஓர் அறுவை, இரண்டு எழுத்து

பெண்களின் தரப்பிலிருந்து வருவோம். ஆங்கில எழுத்தாளர் மேரி ஆஸ்டெல் தன் மார்பில் வந்த கட்டியை நெருங்கிய தோழிகளுக்கும் சொல்லாமல் மறைத்தார். தாங்கமுடியாத நிலையில் தானாகவே ஓர் அறுவை மருத்துவரிடம் போனார். அறுக்கும்போது கையைப் பிடித்துக்கொள்ள யாரையும் விடவில்லை, முனகவும் இல்லை. 1731-இல் இறந்தார். இவ்வளவையும் 1752-இல் ஜார்ஜ் பேலர்ட் என்பவர் எழுதினார். அவருடைய தைரியத்தைப் புகழ்கிறார். புகழ்ச்சி நியாயமானதே. ஆனால் அந்த அம்மாள் ஏன் மறைக்க வேண்டியிருந்தது என்ற கேள்வி அந்தப் புகழ்ச்சிக்குள் காணாமல் போய்விடுகிறது.

எண்பது ஆண்டுகள் கழித்து ஒரு பெண் தானே எழுதினார். நாவலாசிரியர் ஃபேனி பர்னி. கணவரோடு பாரிஸில் இருந்தார். 1810 ஆகஸ்டில் மார்பில் சிறு வலி. பொருட்படுத்தவில்லை. பிறகு வலுத்தது. 1811 செப்டம்பர் 30 அன்று, நெப்போலியனின் படையில் பேர்பெற்ற அறுவை மருத்துவர் லாரே, அவர் வீட்டிலேயே வலது மார்பை அகற்றினார். மயக்கமருந்து இல்லை, கொஞ்சம் திராட்சை மதுதான். கறுப்பு உடையில் ஏழு ஆண்கள். முகத்தில் போட்ட மெல்லிய கைக்குட்டை வழியாக எல்லாம் தெரிந்தது என்கிறார்.

அந்தக் கடிதத்தில் என்னை உலுக்கிய இடம் கத்தியல்ல. மருத்துவர் ஒருவர் பேசாமல் காற்றில் விரலால் சிலுவையும் வட்டமும் வரைகிறார். மார்பு முழுவதையும் எடுத்துவிடலாம் என்று அர்த்தம். கைக்குட்டை வழியே அதைக் கண்ட பர்னி சட்டென்று எழுந்து, வலி எந்த ஒரே புள்ளியிலிருந்து கிளம்புகிறது என்று விளக்குகிறார். ஏழு பேரும் மரியாதையாகக் கேட்கிறார்கள். ஒரு வார்த்தை பதில் இல்லை. மறுபடி படுக்க வைக்கிறார்கள். விரல் மறுபடி அதே வட்டத்தை வரைகிறது.

அந்தக் கடிதத்தோடு லாரேயின் மாணவர் எழுதிய மருத்துவக் குறிப்பு ஒன்றும் பாதுகாக்கப்பட்டிருக்கிறது. கைமுட்டி அளவு கட்டி, தசையோடு ஒட்டியிருந்தது, மிகுந்த வலியுள்ள அறுவையை நோயாளி பெரும் தைரியத்தோடு தாங்கினார் என்று சில வரிகளில் முடிகிறது. ஒன்றும் பொய் இல்லை. அனுதாபமும் இருக்கிறது. ஆனால் அவள் எழுந்து பேசினாள் என்பது அதில் இல்லை. விமர்சகன் என்ற முறையில் நான் வைக்கும் தீர்ப்பு இதுதான்: 300 ஆண்டு மருத்துவ எழுத்தின் குறை, அதன் தப்பான கொள்கைகளைவிட, இந்த விடுபட்ட ஒரு வரியில்தான் அதிகம் இருக்கிறது.

பர்னி இதைத் தன் சகோதரி எஸ்தருக்கு எழுதி முடிக்க மாதக்கணக்காயிற்று. எழுதியதைத் திருப்பிப் படிக்கக்கூட அவரால் முடியவில்லை. பிறகு 29 ஆண்டுகள் வாழ்ந்து 1840-இல் இறந்தார். அது உண்மையில் புற்றுதானா என்று இன்றைய மருத்துவர்களில் சிலருக்கு ஐயம் உண்டு. கடிதத்தின் மதிப்பு அதனால் குறையாது.

நியாயத்துக்காக இன்னொன்றும் சொல்லவேண்டும். அதே ஆண்டுகளில் ஜப்பானில் ஹனாவோகா செய்ஷூ என்ற மருத்துவர், மூலிகை மருந்தால் மயக்கம் கொடுத்து, 1804-இல் கான் என்ற 60 வயதுப் பெண்ணின் மார்புக் கட்டியை எடுத்தார். ஐரோப்பாவும் அமெரிக்காவும் ஈதர் மயக்கத்தைப் பரவலாக அறிந்தது 1846-க்குப் பிறகுதான். மயக்கமருந்து பெரிய விஷயம். எனக்கு அதோடு இன்னொன்றும் பெரிதாகப் படுகிறது: அவர் தம்மிடம் வந்த மார்பகப் புற்று நோயாளிகளின் பெயர்களை ஒரு பதிவேட்டில் வரிசையாக எழுதிவைத்தார். 150-க்கும் மேற்பட்ட பெயர்கள். கான் சில மாதங்களில் இறந்துவிட்டார். ஆனால் அவர் கான். ஏதோ ஒரு கட்டி அல்ல.

கடைசியாக, வீட்டு விஷயம்

1998. ஊரிலிருந்து என் அக்கா எஸ்.டி.டி. பூத்திலிருந்து கூப்பிட்டாள். “தம்பி, உடம்பு ஒண்ணும் சரியில்லடா. உன்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல” என்றாள். கடையில் சரக்கு இறங்கிக்கொண்டிருந்தது. “டாக்டர்கிட்ட காட்டு அக்கா, பணம் அனுப்பறேன்” என்றேன். பணமும் அனுப்பினேன். எங்கே, என்ன என்று கேட்கவில்லை.

அவள் டாக்டரிடம் போகாமலில்லை. போனாள். அவர் தொட்டுப் பார்க்கக் கூச்சப்பட்டு, பலவீனம் என்று டானிக் எழுதிக் கொடுத்தார். வீட்டில் சொன்னாள். “எப்பவோ பால் கட்டினது மிச்சமா இருக்கும்” என்றார்கள். இன்னொருவர் வினைப்பயன் என்றார். வினைக் கொள்கையை நாலு நூல் படித்தவன் நான். அது தன்னைத் தானே திருத்திக்கொள்ளச் சொன்னதே தவிர, பக்கத்தில் வலியோடிருப்பவளின் வாயை அடைக்கச் சொன்னதில்லை.

பதினொரு மாதம் கழித்துப் பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது, சீட்டில் ஒரு வரி எழுதினார்கள்: நோயாளி தாமதமாக வந்தார். அடுத்த ஆண்டு அக்கா போய்விட்டாள். சீட்டு என்னிடம் இருக்கிறது. தாமதம் அவளுடையது என்றுதான் அதில் எழுதியிருக்கிறது. அவள் மூன்று பேரிடம் சொன்னாள். அந்த மூவரில் ஒருவன் இந்தக் கட்டுரையை எழுதுகிறவன்.

இன்று இந்தியப் பெண்களிடையே மிக அதிகமாகக் காணப்படும் புற்று மார்பகப் புற்றுதான். பலர் முற்றிய பிறகே வருகிறார்கள். மார்பில் வரும் கட்டிகளில் பெரும்பாலானவை புற்று அல்ல. ஆனால் எது எது என்று பரிசோதித்துத்தான் சொல்ல முடியும். வலி இல்லாத கட்டியையும் காட்டத்தான் வேண்டும். வெளியூரில் பிழைக்கும் நம் குடும்பங்களில் அம்மா ஓரிடம், அக்கா ஓரிடம், மகள் ஓரிடம். பேச்செல்லாம் போனில்தான். அடுத்த தடவை உங்கள் வீட்டுப் பெண் “உடம்பு சரியில்ல” என்று இழுத்தால், சரக்கு இறங்கட்டும், கடை கிடக்கட்டும். “எங்கே? என்ன? எப்போதிலிருந்து?” என்று கேளுங்கள். கூச்சமாக இருந்தால் வீட்டுப் பெண்களை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள்.

மலர்க் குழு நண்பர் கட்டுரையைப் படித்துவிட்டு ஒன்றும் சொல்லவில்லை. அன்று ராத்திரி ஊரிலிருக்கும் தன் தங்கைக்குப் போன் போட்டதாக மறுநாள் சொன்னார். எனக்கு அது போதும்.